சோளகம், சோலர், மண்கல்: வேலணை வீட்டின் கணக்கு

கறன்ட் பில் வராத வீட்டில் இருக்கிறோம் என்று சொன்னதும் வரும் முதல் கேள்வி, "காற்றாடி எவ்வளவு கறன்ட் தரும்?" என்பதுதான். வீட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை. 2018இல் யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் உள்ள வேலணைக்குக் குடிவந்ததில் இருந்து நான் கண்டது, கணக்கு வீட்டில்தான் தொடங்குகிறது என்பது. வீடு குறைவாகக் கேட்பதால்தான் சோலரும் காற்றாடியும் ஈடுகொடுக்கின்றன. ஆகவே முதலில் சுவர். காற்றாடிக்காக வந்தவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் இப்போது வீடு என்றால் சீமெந்துக் கல், சீமெந்துப் பூச்சு, காசு இருந்தால் மேலே தட்டையான கொங்கிறீற் பிளாட். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் தொடங்கி 1990இல் நின்றுபோனது. அது ஓடிய காலத்தில் இந்தப் பழக்கத்துக்கு ஒரு நியாயம் இருந்தது. இன்றைக்கு ஒவ்வொரு பையும் வெளியில் இருந்து வருகிறது. 2022இல் ஒரு பை மூவாயிரம் ரூபாவைத் தொட்டபோது அரைகுறையில் நின்ற வீடுகளை எல்லா ஊரிலும் பார்த்தோம். அதற்கு முன்பே இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் கொடுத்தார்கள். நல்ல திட்டம்தான், கட்டுகிறவர் கையிலேயே காசு போனது. ஆனால் சீமெந்தும் மணலும் சாப்பிட்டது போக ஓடு போட மிச்சம் இல்லாமல் நகையை அடகு வைத்தவர்கள் என் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். பிறகு 2016 அளவில் 65,000 பொருத்து வீடுகள் என்று ஒரு பேச்சு வந்தது. ஒன்றுக்கு 21 இலட்சம், இரும்புச் சட்டமும் தகடும். நம்முடைய வெயிலுக்கு அது சரிவராது என்று பலத்த எதிர்ப்பு எழுந்தது. அந்தச் சண்டையைப் படித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் மண்கல் பக்கம் என் கவனம் போனது.

அழுத்திய மண்கல் என்பது மண்ணோடு நூற்றுக்கு ஐந்து முதல் எட்டுப் பங்கு சீமெந்தைக் கலந்து, லேசாக ஈரமாக்கி, கைநெம்பு அச்சில் அழுத்தி எடுப்பது. சூளை வேண்டாம், விறகு வேண்டாம். இந்தக் கைநெம்பு யந்திரத்தின் முன்னோடி 1950களில் கொலம்பியாவில் செய்த சின்வா-ராம். ஏழைகள் தாங்களே வீடு கட்டிக்கொள்ளட்டும் என்றுதான் அதைச் செய்தார்கள். வலிகாமத்துச் செம்மண் அப்படியே போட்டால் களி கூடிப்போகும், காயும்போது வெடிக்கும். மணல் சேர்க்க வேண்டும். எவ்வளவு என்பதற்கு ஒரு கண்ணாடிப் போத்தல் போதும். பாதிக்கு மண், மிச்சத்துக்குத் தண்ணீர், நன்றாகக் குலுக்கி ஒரு நாள் வைத்தால் மணல் அடியிலும் களி மேலேயுமாகப் படையாக நிற்கும். அதைப் பார்த்து அளவைத் திருத்தலாம். அச்சில் இருந்து எடுத்த கல்லை நிழலில் அடுக்கி, மூன்று நான்கு வாரம் ஈரம் காயாமல் காக்க வேண்டும். இந்த இடத்தில் அவசரப்படுகிறவர்களுக்கு மண்கல் வேண்டாம்.

மேசன் அண்ணை முதல் நாள் கல்லைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, மண்ணாலை வீடு கட்டினா மாரியிலை கரைஞ்சு போகாதே?" என்றார். கேள்வி நியாயமானது. சுவர் தரையைத் தொடாமல் இருக்க முழங்கால் உயரத்துக்குச் சுண்ணாம்புக் கல்லால் அத்திவாரம் எழுப்பி, அதன் மேல் ஈரம் ஏறாத தாள் போட்டோம். கூரையைச் சுவருக்கு வெளியே மூன்றடி நீட்டினோம். தென்மேற்குச் சுவருக்கு மட்டும் சுண்ணாம்புப் பூச்சு. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் வந்து யாழ்ப்பாணம் முழுக்கத் தண்ணீரில் நின்றபோதும், 2024 நவம்பர் வெள்ளத்திலும் சுவர் அசையவில்லை. சில மூலைகள் மழுங்கியிருக்கின்றன, அவ்வளவுதான். அண்ணை இப்போது தன் மகளுக்கு அப்படியொரு வீடு கட்டலாமா என்று யோசிக்கிறார். ஆனால் வங்கிக் கடன் எடுத்துக் கட்ட நினைப்பவர்கள் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நான் போன வங்கியில் மண் சுவர் என்றதும் கோப்பை மூடிவிட்டார்கள்.

கூரைக்குப் பனைமர வளையும் சிலாகையும், இடித்த வீடுகளில் இருந்து வாங்கிய பழைய ஓடும். வைரமான பனையைக் கறையான் லேசில் தொடாது. கூரை முகட்டில் சூடு வெளியேற வழி விட்டிருக்கிறோம். தென்மேற்கில் பெரிய ஜன்னல், எதிர்ப்பக்கம் உயரத்தில் சின்ன ஜன்னல். மே மாதம் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று விழுந்தால் ராத்திரியில் மின்விசிறி போடத் தேவையில்லை. கறன்ட் கணக்கில் நான் செய்த பெரிய மிச்சம் இந்த ஜன்னல்தான், ஒரு பனலும் இல்லை, ஒரு பற்றறியும் இல்லை. ஒன்பது அங்குலச் சுவர் பகல் வெயிலை மெதுவாகத்தான் உள்ளே விடும். கொங்கிறீற் பிளாட்டுக்குக் கீழே ஏசி இல்லாமல் படுக்க முடியாது என்கிற நண்பர்களின் வீட்டில், அந்த ஏசி ஒன்றே எங்கள் முழு வீட்டையும் விடக் கூடக் கேட்கும்.

எங்கள் வீட்டின் பாவனை ஒரு நாளைக்கு ஏறக்குறைய இரண்டு யூனிட். 30 வாட் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத மோட்டர்) விசிறி இரண்டு, எல்ஈடி பல்புகள், சின்ன இன்வேட்டர் ஃபிரிஜ், ரிவி, கிணற்று மோட்டர், மடிக்கணினி. அயன்பொக்ஸ் இல்லை. சோறு விறகிலும் காஸிலும். சாதாரண விசிறி 70, 75 வாட் கேட்கும். இரண்டு விசிறியையும் மாற்றியது கிட்டத்தட்ட ஒரு பனல் கூட்டியதற்குச் சமம்.

சோலர்: 330 வாட் பனல் நான்கு, தெற்குப் பார்த்து, பத்துப் பாகைச் சரிவில். யாழ்ப்பாணம் வடக்கு அகலாங்கு பத்துப் பாகைக்குச் சற்றுக் குறைவில் இருப்பதால் அதற்கு மேல் சரிக்கத் தேவையில்லை. அதைவிடக் குறைத்தால் மழைத்தண்ணீர் வழியாது, பனங்காட்டுத் தூசியும் காகத்தின் கைங்கரியமும் அப்படியே தங்கிவிடும். நல்ல வெயில் நாளில் ஐந்து யூனிட் வரும். கார்த்திகை, மார்கழி மாரியில் தொடர்ந்து மூடிக்கிடந்தால் ஒன்றரைக்குக் கீழே இறங்கும். பனலில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை அதைப் பிடித்திருந்த போல்ட் நட்டில். தீவில் உப்புக்காற்று சாதாரண இரும்பு போல்ட்டை இரண்டு வருடத்தில் தின்றுவிடும். அதைத் தொடும் இடத்தில் அலுமினியச் சட்டமும் அரிக்கும். கடலோரப் பாவனைக்கான 316 தர ஸ்ரெயின்லெஸ் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் 304 போதும் என்பார். போதாது.

பற்றறிதான் இந்த வாழ்க்கையின் உண்மையான பில். முதலில் வைத்த 24 வோல்ட் ஈய அமில டியூபுலர் செட் நான்கு வருடத்துக்குள் ஓய்ந்தது. ஈயப் பற்றறிக்கு வெப்பநிலை பத்துப் பாகை கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. அதில் நம்முடைய சித்திரை வெயிலை வைத்துப் பாருங்கள். அது ஓய்ந்த நேரமும் வாய்த்த நேரம். 2022இல் டொலர் இருநூறு சொச்சத்தில் இருந்து 360க்கு ஏறியிருந்தது. அந்த மார்ச் கடைசியில் நாட்டில் கறன்ட் 13 மணித்தியாலம் நின்றது. எங்கள் வீட்டில் தளர்ந்த பற்றறியோடும் வெளிச்சம் இருந்தது. மே மாதம் ஓஎல் (சாதாரண தர) சோதனை எழுதிய அயல்ப் பிள்ளைகள் விறாந்தையில் இருந்து படித்தார்கள். தொண்ணூறுகளில் ஜாம் போத்தல் விளக்கில் படித்து, சைக்கிள் டைனமோவை மிதித்து றேடியோ கேட்ட எங்கள் தலைமுறைக்கு 13 மணித்தியாலம் பெரிய விஷயமில்லைதான். பிள்ளைகளுக்கு அது புதிது. பிறகு மெல்லக் காசு சேர்த்து லித்தியம் இரும்பு பொஸ்பேட் செல்களுக்கு மாறினோம். எட்டு செல், 25.6 வோல்ட், 280 ஆம்பியர் மணி, ஏழு யூனிட் கொள்ளும். வடக்குப் பக்கம் நிழல் அறையில் வைத்திருக்கிறேன். விலை வலிக்கும். மாறிய பிறகு தண்ணீர் விடும் வேலையும் இல்லை, ராத்திரி வோல்ட் பார்க்கும் பதற்றமும் இல்லை.

சரி, காற்றாடி.

இது ஸ்கொட்லாந்துக்காரர் ஹியூ பிகொட் உலகம் முழுக்கப் பரப்பிய வடிவமைப்பு. இரண்டு இரும்புத் தட்டு, ஒவ்வொன்றிலும் 12 நியோடைமியம் காந்தம். நடுவில் ஒன்பது செப்புக் கம்பிச் சுருள்களைப் பிசினில் வார்த்த வட்டு. கியர் இல்லை, பிரஷ் இல்லை. சுற்றுவதற்கு ஒரு பழைய மொறிஸ் மைனரின் முன்சில்லு ஹப்பைப் போட்டோம், யாழ்ப்பாணத்தில் அதற்குப் பஞ்சமா? இறக்கைகள் மலைவேம்பில் செதுக்கியவை, விட்டம் 2.4 மீற்றர். இலேசான மரம், ஆணி போல நேரான இழை. காங்கேசன்துறை வீதிப் பக்கத்து லேத் பட்டறையில் தட்டுகளைக் கடைந்தார்கள். கம்பிகள் கட்டி நிமிர்த்திச் சாய்க்கக்கூடிய கல்வனைஸ் குழாய்க் கம்பம். பெருங்காற்றில் வால் தானாக மடங்கி இறக்கையைக் காற்றில் இருந்து விலக்கும். இந்த ஏற்பாடு இல்லாத எந்தக் காற்றாடியையும் வாங்காதீர்கள்.

செய்து பார்ப்பதில் இருக்கும் சந்தோஷத்துக்கு ஈடே இல்லை. கறன்ட் கணக்கு வேறு. காற்றின் வேகம் இரட்டித்தால் சக்தி எட்டு மடங்காகும், பாதியானால் எட்டில் ஒன்று. நொடிக்கு ஐந்து மீற்றர் காற்றில் என் காற்றாடி 90 வாட் அளவில் தரும். மூன்று மீற்றருக்கு இறங்கினால் சுற்றும், பார்க்க அழகாக இருக்கும், பற்றறிக்குப் போவது ஒன்றுமில்லை. பத்து மீற்றரில் 600 வாட்டைத் தாண்டும்போது வால் மடங்கத் தொடங்கும். வைகாசியில் இருந்து புரட்டாதி வரை சோளகம் ராப்பகலாக அடிக்கும் நாளில் இரண்டு மூன்று யூனிட் கிடைக்கும். ஆனால் அதே மாதங்களில் வெயிலும் நன்றாகவே இருக்கும், பற்றறி மத்தியானத்துக்குள் நிரம்பிவிடும். மிச்சக் கறன்டை எரித்துவிட ஒரு வெப்பச் சுருள் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் காற்றாடி பாரமில்லாமல் தறிகெட்டுச் சுற்றும். அந்தச் சுருளைத் தண்ணீர்த் தாங்கியில் போட்டிருக்கிறோம். சோளகத்தில் யாருக்குச் சுடுதண்ணீர் வேண்டும், சொல்லுங்கள்? மழையும் வாடையும் சேர்ந்து வரும் மார்கழியில் ஒரு யூனிட், சில நாள் அதில் பாதி. அந்த ஒரு யூனிட்தான் மதிப்பு. தொடர்ந்து மூடிக்கிடந்த நாட்களில் ஃபிரிஜ் நிற்காமல் ஓடியது அதனால்தான். சித்திரையிலும் ஐப்பசியிலும் காற்றாடி சும்மா நிற்கும்.

இடம் பிடிப்பதுதான் கஷ்டம். பனை அறுபது அடிக்கு மேல் வளரும். கம்பத்தை அதற்கு மேல் உயர்த்த எந்த ஏழை வீட்டுக்காரராலும் முடியாது. மரத்துக்குப் பின்னால் வைத்தால் காற்று சுழன்று சுழன்று வந்து இறக்கையை உடைக்கும். எங்களுக்குத் தென்மேற்கில் வெளியும் கடலும், ஆகவே தப்பித்தோம். கொக்குவிலிலோ கோண்டாவிலிலோ வேலிக்கு வேலி மரம் நிற்கும் வளவில் இதைச் செய்யவே செய்யாதீர்கள். கம்பம் வீட்டில் இருந்து தள்ளி நின்றால் கேபிள் செலவும் ஏறும். 24 வோல்ட்டில் 500 வாட் என்றால் 20 ஆம்பியருக்கு மேல். புதிதாகத் தொடங்குகிறவர்கள் 48 வோல்ட்டில் தொடங்கினால் அதே கம்பியில் இழப்பு நாலில் ஒன்றாகும்.

பராமரிப்பு ஒவ்வொரு பங்குனியிலும். கம்பத்தைச் சாய்த்து, ஹப்புக்குக் கிறீஸ் போட்டு, உப்பும் மணலும் அரித்த இறக்கை விளிம்பை உரசி வர்ணம் பூச வேண்டும். கம்பிகளின் அடிப்பூட்டுகளை இதற்குள் மாற்றிவிட்டேன். காந்தத் தட்டின் ஓரத்தில் பிசின் வெடித்து ஒருமுறை துரு உள்ளே போய் வீங்கியது, திரும்ப வார்க்க வேண்டி வந்தது. புயல் அறிவித்தல் வந்தால் முதல் வேலை கம்பத்தைப் படுக்க வைப்பது. பலமாக அடிக்கும் ராத்திரியில் இறக்கைகள் இரையும். பக்கத்து வளவு ஆச்சி ஒருநாள் காலையில் வேலியில் நின்று, "தம்பி, உது இரவிலை ஹெலி வாறமாதிரிக் கேட்குதடா, நித்திரை வருகுதில்லை" என்றார். இந்த ஊரில் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இப்போது பற்றறி நிரம்பியிருந்தால் படுக்கப் போகும்போது காற்றாடியில் இருந்து வரும் மூன்று மின்கம்பியையும் ஒன்றாகச் சேர்த்து அதை நிறுத்திவிடுகிறேன்.

பெரிய அளவிலும் சோலருக்கும் காற்றுக்கும் உள்ள விகிதம் இப்படித்தான் போகிறது. பளையில் பெரிய காற்றாலைகள் 2014இல் இருந்து சுற்றுகின்றன, அவை நிற்கும் உயரத்துக் காற்று வேறு. நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு மூன்றுக்கும் இந்திய உதவியில் 2024 மார்ச்சில் ஒப்பந்தமான கலப்பு மின்திட்டத்தில் சோலர் 1700 கிலோவாட், காற்று 530 கிலோவாட். தீவிலேயே அந்த அளவு என்றால், வளவுக்குள் நிற்கும் காற்றாடிக்கு நான் கொடுக்கும் இடம் அதைவிடக் குறைவு.

கையில் கொஞ்சக் காசோடு கட்டுகிறவர் கேட்டால் என் வரிசை இதுதான். முதலில் நீட்டிய கூரையும் சரியான ஜன்னலும். பிறகு குறைந்த வாட் விசிறி, ஃபிரிஜ். பிறகு பனல், பிறகு லித்தியம். வாசலில் ஏற்கெனவே மின்கம்பம் இருந்தால் இணைப்பை எடுத்துக்கொண்டு கூரையில் சோலர் வைப்பதே மலிவு. எங்களுக்குக் கம்பங்கள் இழுக்கக் கேட்ட தொகை பனலும் முதல் பற்றறியும் வாங்கிய காசுக்குக் கிட்ட வந்ததால்தான் இந்தப் பக்கம் திரும்பினோம். காற்றாடி கடைசியில், அதுவும் வெளியான காணியும் வெல்டிங் தெரிந்த ஒரு சொந்தக்காரரும் இருந்தால் மட்டும். அடுத்த வருடம் இன்னும் இரண்டு பனல் போடுவதாக இருக்கிறேன், மாரியில் அவற்றோடு ஃபிரிஜ் தாக்குப்பிடிக்கிறதா என்று பார்ப்போம். பிடித்தால் காற்றாடியை விரும்புகிற யாருக்காவது கொடுத்துவிடலாம். ஆச்சிக்கு இன்னும் சொல்லவில்லை.