டேகேர் லைசென்ஸ் + இன்சூரன்ஸ் ‘பேக்கேஜ்’: கடலூர்க்காரர்களே உஷார், 38,500 ரூபாய் போச்சு

மஞ்சக்குப்பமோ முதுநகரோ திருப்பாதிரிப்புலியூரோ, வீட்டிலேயே டேகேர் (குழந்தைக் காப்பகம்) ஆரம்பிக்கலாம் என்று இருப்பவர்கள் ஏஜென்ட் கையில் அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால் இதைப் படித்துவிடுங்கள். ஜிஎஸ்டி, பான் கார்டு, பார்ட்னர்ஷிப் பத்திரம் எல்லாம் ஒரே இடத்தில் என்று போர்டு வைத்து, ஆன்லைனிலும் விளம்பரம் ஓட்டும் ஒரு கன்சல்டன்சியிடம் நான் ஏமாந்த கதை இது. புகார் கொடுக்கப் போவதால் பெயர் போடவில்லை. அங்கே ஏஜென்ட் சொன்னது: "டேகேர் லைசென்ஸ், ஃபுட் லைசென்ஸ், இன்சூரன்ஸ், மொத்தமா 38,500. நீங்க எங்கயும் அலைய வேணாம்க்கா." 20,000 ஜிபேயில் போனது, அதுவும் கம்பெனி கணக்குக்கு இல்லை, தனி ஆள் நம்பருக்கு. 18,500 ரொக்கம். பில்லில் ஜிஎஸ்டி எண் கிடையாது, பேனாவால் "கன்சல்டேஷன்" என்று ஒரே வரி. பிரித்துக் கேட்டதற்கு வாட்ஸ்அப்பில் வந்த கணக்கு இது: மத்திய அரசுப் பதிவு 6,500, ஃபுட் 5,000, டேகேர் லைசென்ஸ் 12,000, இன்சூரன்ஸ் 15,000.

நம்ப வைத்தது எது தெரியுமா? ஓடிபி. லேப்டாப்பைத் திருப்பி வைத்து, நிஜமான அரசு இணையதளத்தைத் திறந்து, ஆதார் எண்ணை அடித்தான். என் போனுக்கு ஓடிபி வந்தது. கொஞ்ச நேரத்தில் அசோகச் சின்னம் போட்ட சான்றிதழ், மூலையில் க்யூஆர் கோடு. ஸ்கேன் செய்தால் அரசுப் பக்கமே திறக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

அது உத்யம் பதிவு. சிறுதொழில் செய்பவர் யாரும் ஆதாரும் பானும் வைத்துக்கொண்டு தாங்களே போட்டுக்கொள்ளலாம், கட்டணம் பைசா கிடையாது. 2020 ஜூலையிலிருந்து இருக்கிறது. இதற்குத்தான் 6,500. அது தொழில் நடத்த அனுமதியே இல்லை, 'இப்படி ஒரு சிறுதொழில் இருக்கிறது' என்ற பதிவு மட்டும். அதையாவது ஒழுங்காகச் செய்தானா? சான்றிதழின் கீழ்ப்பகுதியில் தொழில் வகைக் குறியீடு கட்டம் கட்டி அச்சாகியிருக்கும், யாரும் படிக்க மாட்டார்கள். என்னுடையதில் 96020. முடி திருத்தம், அழகு நிலையம்! குழந்தைக் காப்பகம் 88-ல் ஆரம்பிக்கும் சமூகப் பணிப் பிரிவில் வர வேண்டும். முந்தின கஸ்டமருக்குப் போட்டதை அப்படியே எனக்கும் போட்டிருக்கிறான். திருத்தலாம் என்று போனால் பதிவில் இருக்கும் மொபைல் எண்ணும் மெயிலும் அவனுடையது. லாகின் கேட்டால் "அது எங்க கம்பெனி பாலிசிக்கா, தர மாட்டோம்."

உணவுப் பாதுகாப்புப் பதிவு, அதாவது எஃப்எஸ்எஸ்ஏஐ, நிஜம்தான். 14 இலக்க எண் தளத்தில் சரியாகக் காட்டுகிறது. ஒரு வருடத்துக்கு அரசுக் கட்டணம் 100 ரூபாய். பில்லில் 5,000.

12,000 ரூபாய் 'டேகேர் லைசென்ஸ்' தங்க நிற ஸ்டிக்கர் ஒட்டி லேமினேட் செய்து வந்தது. படித்தால் ஐஎஸ்ஓ 9001, நிர்வாகத் தரத்துக்கான சான்று. ஐஎஸ்ஓ அமைப்பு யாருக்கும் நேரடியாகச் சான்று தருவதே இல்லை, தனியார் சான்றளிப்பு நிறுவனங்கள்தான் தருகின்றன. அது தரமான நிறுவனம் தந்ததாகவே இருந்தாலும் குழந்தைகளை வைத்துக்கொள்ள அரசு தந்த அனுமதி ஆகாது. கேட்டதும், மகப்பேறு சட்டத்தில் கிரெச் (வேலை செய்யும் இடத்துக் குழந்தைக் காப்பகம்) பற்றி வரும் பிரிவைக் காட்டி "சட்டத்துலயே இருக்குக்கா" என்றான். அந்தப் பிரிவு 11ஏ. 2017 திருத்தத்தில் வந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் தன் ஊழியர்களின் குழந்தைகளுக்குக் கிரெச் வசதி செய்து தர வேண்டும் என்று முதலாளிக்குச் சொன்னது; 2025 நவம்பரில் அந்தச் சட்டமே சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்புக்குள் போய்விட்டது. வீட்டு டேகேருக்கு லைசென்ஸ் தரும் பிரிவா அது?

இதில் எல்லோரும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. போர்டில் 'ப்ளே ஸ்கூல்' என்ற வார்த்தை ஏறினால் விஷயம் கல்வித் துறைக்குப் போய்விடும். தமிழ்நாட்டில் அதற்கென 2015 விதித்தொகுப்பு இருக்கிறது. அங்கீகாரம் என்று போனால் முதலில் கேட்பது கட்டடச் சான்றுகளை: பொறியாளர் தரும் உறுதித்தன்மைச் சான்று, தாசில்தார் தரும் கட்டட உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் கருகிய பிறகு இவை வெறும் ஃபார்மாலிட்டி இல்லை. இந்த நான்கில் எதையும் வீட்டுக்கு ஆள் வந்து பார்க்காமல் நியாயமாக வாங்க முடியாது. என் வீட்டு வாசற்படியை ஒருத்தர்கூட மிதிக்கவில்லை. அப்போதும் "ஃபைல் டிஇஓ (மாவட்டக் கல்வி அலுவலர்) டேபிள்ல இருக்கு" என்றே சொல்லிக்கொண்டிருந்தான். அந்த அலுவலகத்தில் விசாரித்தால் என் பெயரில் விண்ணப்பமே இல்லை.

இன்சூரன்ஸ்தான் வயிற்றைக் கலக்குகிறது. பெரிய கம்பெனி லோகோ போட்ட பத்துப் பக்க பிடிஎஃப். மேலே சின்ன எழுத்தில் 'ப்ரபோசல் ஃபார்ம்', அதாவது பாலிசி கேட்டுக் கொடுக்கும் வெறும் விண்ணப்பம். பாலிசி எண் இல்லை, ப்ரீமியம் ரசீது இல்லை. கம்பெனி கால் சென்டரில் பெயர், போன் நம்பர் சொல்லித் தேடினால் எதுவுமே இல்லை. காப்பீட்டுச் சட்டம் 1938, பிரிவு 64விபி: ப்ரீமியம் கம்பெனிக்கு முன்கூட்டியே போய்ச் சேராமல் ரிஸ்க் அவர்கள் தலையில் ஏறாது. 15,000 அவன் பாக்கெட்டோடு நின்றுவிட்டது. இடையில் ஒரு குழந்தை விழுந்து கையை உடைத்திருந்தால் முழுச் செலவும் என் தலையில்.

அந்தப் படிவத்தில் டிக் அடித்திருந்த வகையைப் பாருங்கள்: 1991 பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டத்தின் கீழ் வரும் பாலிசி. போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு வந்த சட்டம். அபாயகரமான ரசாயனங்களைக் கையாளும் இடங்களுக்கு. நம்ம ஊர் சிப்காட் கெமிக்கல் ஃபேக்டரி எடுக்க வேண்டியதை டேகேருக்கு எழுதியிருக்கிறான்!

டேகேருக்கு வேண்டியது வேறு. தொழிற்சாலை அல்லாத இடங்களுக்கான பொதுப் பொறுப்புப் பாலிசி, அதாவது நம் இடத்தில் வெளியாருக்கு அடிபட்டு நாம் இழப்பீடு தர வேண்டி வந்தால் அதை ஏற்பது. அதில் ஒரு விபத்துக்கு எவ்வளவு, வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு என்று இரண்டு தொகை தனித்தனியாக இருக்கும், இரண்டையும் பாருங்கள். சாப்பாட்டால் வரும் கோளாறு அதில் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். ஆயாவுக்கு அடிபட்டால் அந்தப் பாலிசி தராது, அதற்கு ஊழியர் இழப்பீட்டுப் பாலிசி. குழந்தைகளுக்கு மருத்துவச் செலவோடு சேர்ந்த குழு விபத்துக் காப்பீடு. பெயர்ப் பட்டியலில் இல்லாத குழந்தைக்குக் கிளெய்ம் கிடையாது, புதுச் சேர்க்கை வந்ததும் பெயரைச் சேர்க்கச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு ஏற்கெனவே எடுத்த பாலிசியை நம்பி உட்காராதீர்கள், அது குடியிருப்புக்கு. ஃபெஞ்சல் புயல் நேரத்தில் தென்பெண்ணைத் தண்ணீர் எங்கெல்லாம் ஏறியது என்று நமக்குத் தெரியும். தொழில் நடப்பதை மறைத்துவிட்டு வெள்ளக் கிளெய்முக்குப் போனால் சிக்கல்தான்.

38,500-ஐத் திருப்பிக் கேட்டதற்கு வந்த பதில்கள்: "சர்வர் டவுன்." "சார் மீட்டிங்ல இருக்காரு." "திங்கக்கிழமை வாங்க." "உங்க ஃபைல் பாத்த தம்பி வேலைய விட்டுட்டாரு." கடைசியில், "சர்வீஸ் சார்ஜ் ரிட்டர்ன் கிடையாதுன்னு பில் பின்னாடியே போட்ருக்கே, பாக்கலையா மேடம்?" காசு வாங்கும்போது அக்கா, திருப்பிக் கேட்டால் மேடம். பில்லின் பின்பக்கம் வெள்ளைத்தாள்.

ஒவ்வொரு சான்றும் எங்கே, எப்படி வாங்குவது என்று முழுசாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், கோபத்தில் வரவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு:

ப்ரீமியத்தை இன்சூரன்ஸ் கம்பெனி பெயரிலேயே கட்டுங்கள், பாலிசி எண்ணை நீங்களே போன் போட்டுச் சரிபாருங்கள். எல்லாப் பதிவிலும் உங்கள் மொபைல், உங்கள் மெயில். ஆதார் ஓடிபியைச் சொல்லும் முன் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். ஜிபேயில் ஏமாந்திருந்தால் அன்றைக்கே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு போன் போடுங்கள். இன்சூரன்ஸ் ஏஜென்ட் மேல் புகாருக்கு 155255. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில், வாட்ஸ்அப் சாட் எதையும் அழிக்காதீர்கள்.

மீதி அப்புறம். பேங்க் ஸ்டேட்மென்ட் பிரிண்ட் எடுக்க வேண்டும், கடை அடைத்துவிடுவான்.