சுருக்கமா, அட்டையா, அட்டவணையா: முன்னாய்வு அத்தியாயத்துக்கு எது தாங்கும்?

முனைவர் பட்ட ஆய்வேட்டில், பிறர் ஏற்கெனவே செய்த ஆய்வுகளைத் தொகுத்துப் பேசும் முன்னாய்வு அத்தியாயத்துக்குத் தயாராக மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. படித்த ஒவ்வொரு கட்டுரைக்கும் அரைப் பக்கச் சுருக்கம் எழுதிச் சேர்ப்பது ஒன்று. குறிப்புகளைச் சிறு அட்டைகளில் எழுதிக் கலைத்து அடுக்குவது இன்னொன்று. கட்டுரைகளைக் கிடையாகவும் நம் கேள்விகளை நெடுக்காகவும் வைத்து அட்டவணை போடுவது மூன்றாவது. எனக்கு ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகை இயக்க நிலை) உண்டு; தலைப்போ எண்ணூர்க் கழிமுக வண்டலில் கன உலோகங்கள். மூன்றையும் செய்து பார்த்து அட்டவணையில் நிலைத்துவிட்டேன். ஆகவே நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

செலவைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. கட்டுரைகளைச் சேமித்து மேற்கோள்களைப் பராமரிக்கும் ஜோட்டெரோ மென்பொருள் இலவசம். அதன் இலவச இணையச் சேமிப்பு 300 எம்பிதான் என்பதால் பிடிஎஃப்களைக் கணினியிலேயே வைத்துக்கொள்வது நல்லது. மூன்று வழிக்கும் இது பொது.

அட்டைகளுக்குப் பெரிய பெயர் உண்டு. ஜெர்மானியச் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமன் சுமார் 90,000 அட்டைகள் சேர்த்தவர். அவருக்கு அலமாரிகள் இருந்தன. வியாசர்பாடியில் எங்கள் வீட்டில் படிக்கும் இடமும் படுக்கும் இடமும் ஒன்றே. இரவு பாய் விரிக்குமுன் தரையில் பரப்பிய அட்டைகளை வாரியாக வேண்டும். மின்விசிறியைப் போட்டால் அதுவரை பொறுக்கவும் வேண்டாம். பொதுப் படிப்பிடமான கொளத்தூர் முதல்வர் படைப்பகத்தில் அமைதி கிடைக்கும், ஆனால் அங்கே சுவரில் ஒட்டவா முடியும்?

சுருக்கக் கோப்பைத்தான் பெரும்பாலான நெறியாளர்கள் முதலில் சொல்லித் தருகிறார்கள். நன்றாகப் படித்ததற்குச் சாட்சியாக இருக்கும். ஆனால் எழுத உட்கார்ந்தால் "இவர் 2012இல் இப்படிச் சொன்னார், அவர் 2016இல் அப்படிச் சொன்னார்" என்று அதே வரிசையில்தான் வாக்கியம் வரும். "எல்லாரையும் அடுக்கிவிட்டாய், நீ என்ன சொல்கிறாய்?" என்று நெறியாளர் கேட்பது அங்கேதான்.

என்னைப் போன்றவர்களுக்கு முடிவைத் தீர்மானிப்பது இதுவுமல்ல. இடையில் விட்டுவிட்டுத் திரும்பி வரும்போது எது நம்மை உள்ளே விடுகிறது என்பதுதான். இரண்டு வாரம் கோப்பைத் தொடாமல் போவது எங்களுக்கு வாடிக்கை. அந்த இடைவெளியில் எங்கே நிறுத்தினோம் என்பது நினைவிலிருந்து துடைத்துப் போயிருக்கும். சுருக்கக் கோப்பைத் திறந்தால் முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும், படித்து முடிப்பதற்குள் மனம் வேறெங்கோ போய்விடும். அட்டவணையில் காலியாக இருக்கும் கட்டமே அடுத்த வேலை. கடைசி நெடுவரிசைக்கு "அடுத்து" என்று பெயர் வைத்திருக்கிறேன். "முறையியல் படித்தாயிற்று, மூன்றாம் படம் பாக்கி" என்பது போல அரை வாக்கியம் போதும். பத்து நிமிடம் கிடைத்தாலும் ஒரு கட்டம் நிரம்பும்.

என் கேள்விகள்: எங்கே மாதிரி எடுத்தார்கள், எந்த மாதம், எவ்வளவு ஆழத்தில், எந்த உலோகம், எதனோடு ஒப்பிட்டார்கள். கோடையில் எடுத்த மாதிரியின் உலோக அளவையும் வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு எடுத்ததன் அளவையும் பக்கத்தில் வைத்தால் ஒன்றை ஒன்று மறுப்பது போலத் தோன்றும். "எந்த மாதம்" என்ற நெடுவரிசையை மேலிருந்து கீழே படித்தால், அந்த முரணைப் பருவத்தோடு சேர்த்துப் பேச வேண்டும் என்பது தெரியும். ஒரு பத்தி அங்கேயே பிறந்துவிடும்.

இதிலும் ஆபத்து உண்டு. கட்டங்களுக்கு வண்ணம் தீட்டுவதில் ஒரு பகல் முழுக்கப் போய்விடும். புதிய நெடுவரிசை சேர்க்கும் ஆசையும் தீராது. சேர்த்தால் இனி வரும் கட்டுரைகளுக்கு மட்டும் நிரப்புவேன், பழையவற்றைத் தேவைப்பட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

ஆய்வேட்டை முடிக்கக் கால நீட்டிப்பு கிடைக்கும் என்று நம்பி முறையைத் தேர்ந்தெடுக்கவும் வழியில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் இருக்கின்றன. ஏடிஎச்டி தனி வகையாக இல்லை. யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 முனைவர் பட்ட விதிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கான கூடுதல் இரண்டு ஆண்டுகள் 40 சதவீதத்துக்கு மேல் பாதிப்பு உள்ளவர்களுக்கே.

கோட்பாடு சார்ந்த துறைகளில் அட்டவணை எவ்வளவு உதவும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. என் கேள்விகள் அளவீடுகள் பற்றியவை. டிஸ்லெக்சியா (எழுத்தைப் படிப்பதில் சிரமம்) உள்ள நண்பர் ஒருவருக்குக் கட்டங்களில் நெருக்கிய எழுத்து ஆகவே ஆகாது. கணினி உரக்க வாசிக்கக் கேட்டு, தன் கருத்தைக் குரலில் பதிவு செய்துகொள்கிறார். அவருக்குச் சுருக்கக் கோப்பே சரி.