பாம்பன் மீன்வண்டிக்கு எந்தக் கைப்பிடி?

ஐஸும் மீனும் சேர்ந்து 250 கிலோ ஏறிய வண்டியைத் தார் ரோட்டில் தள்ள ஐந்து கிலோ அழுத்தம் போதும். அதே வண்டி மணலில் இறங்கிவிட்டால் நாற்பது, ஐம்பது கிலோ கேட்கும். பாம்பன் வடகடல் பக்கம் விடியுமுன்னே பெட்டிகளை ரோட்டுக்கு ஏற்றும் பெண்கள் அந்த வித்தியாசத்தை இடுப்பில்தான் வாங்குகிறார்கள். அதற்காகத்தான் தள்ளுவண்டிக்கு மோட்டார் வைக்கத் தொடங்கினேன். மோட்டாரும் பேட்டரியும் கடையில் கிடைத்துவிடுகின்றன. வேலை முழுவதும் கைப்பிடியில்தான் இருக்கிறது. கை எவ்வளவு தள்ள நினைக்கிறது என்று மோட்டாருக்குச் சொல்ல வேண்டியது அதுதானே. மூன்று விதமாக மாட்டிப் பார்த்துவிட்டேன்.

முதலில் எல்லோரும் மாட்டுவது மின்சார ஸ்கூட்டரின் ஆக்சிலேட்டர் பிடி. விலை குறைவு, மாட்ட அரைமணி நேரம். உள்ளே காந்தமும், அது நகர்வதை வோல்ட்டாக மாற்றிச் சொல்லும் ஹால் சென்சாரும் இருக்கும். 5 வோல்ட் கொடுத்தால், சும்மா இருக்கும்போது ஒரு வோல்ட்டுக்குக் கொஞ்சம் கீழே, முழுக்க முறுக்கினால் நாலு வோல்ட் பக்கம் வரும். ஸ்கூட்டருக்கு இது பொருந்தும், ஏனென்றால் ஓட்டுகிறவர் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறார். தள்ளுகிறவர் பின்னால் நடக்கிறார். வண்டி ஒரு வெட்டு வெட்டி முன்னால் ஓடினால் கை நீண்டு, மணிக்கட்டு கீழே இறங்கும். இறங்கினால் பிடி இன்னும் முறுகும், வண்டி இன்னும் வேகமெடுக்கும். சாய்தளத்தில் ஒரு அக்கா இதில் மாட்டிக்கொண்டு பத்தடி ஓடினார். நின்றதும் அவர் சொன்னது: "தம்பி, நான் வண்டியத் தள்ளல, வண்டிதான் என்னைய இழுத்துட்டுப் போவுது." அன்றைக்கே அந்தப் பிடியைக் கழற்றிவிட்டேன். இன்னொரு ஆபத்தும் இதில் உண்டு. சென்சாருக்குப் போகும் கறுப்பு (நெகட்டிவ்) ஒயர் உப்பில் அரித்து அறுந்தால் சிக்னல் மேலே எகிறும். மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலர், அளவு மீறிய வோல்ட்டைக் கண்டால் நிறுத்திவிடுகிற ரகமாக இல்லாவிட்டால், அதை முழு வேகம் என்றே மோட்டார் எடுத்துக்கொள்ளும்.

அடுத்தது லோட் செல். தராசுக்குள் இருக்கும் அதே சாமான். உலோகக் கட்டை மயிரிழை வளைந்தாலும் அதில் ஒட்டிய மெல்லிய கம்பிப் பட்டையின் மின்தடை மாறும். முழு அழுத்தத்துக்கும் வருவது சுமார் பத்து மில்லிவோல்ட்தான். அதைப் பெருக்கித்தான் படிக்க வேண்டும். நன்றாக அமைந்துவிட்டால் இதற்கு இணையே இல்லை. பிடி அசையாது, விரலால் தள்ளினாலும் வண்டிக்குப் புரியும்.

ஆனால் அமைவது லேசு இல்லை. அந்தச் சிக்னலைப் பெருக்கிப் படிக்கும் எச்எக்ஸ்711 என்ற மலிவான பலகை, வாங்கியபடியே மாட்டினால், நொடிக்குப் பத்து முறைதான் அளவு சொல்லும். கை தள்ளி, அந்தச் செய்தி போய், மோட்டார் திரும்புவதற்குள் கை வேறு எங்கோ இருக்கும். வண்டி போய் வந்து போய் வந்து உதறும். பயந்து இறுக்கிப் பிடித்தால் உதறல் கூடும், தளர்த்தினால் அடங்கும். கையும் சேர்ந்ததுதான் அந்த இயந்திரம் என்று எனக்கு உறைத்தது அப்போதுதான். பலகையில் இருக்கும் சிப்பின் ஒரு காலை மாற்றிப் பற்றவைத்தால் நொடிக்கு எண்பது முறை கிடைக்கும். அதோடு வேகம் ஏறுவது மெதுவாகவும் இறங்குவது உடனேயும் என்று கன்ட்ரோலரில் வைத்தேன். உதறல் பெரும்பாலும் போனது.

போகாதது பூஜ்ஜியத் தொல்லை. யாரும் தள்ளாதபோது விடியற்காலைக் குளிரில் பூஜ்ஜியமாக நின்ற அளவு உச்சிவெயிலில் தானாக நகர்ந்துவிடுகிறது. சுவிட்ச் போடும்போதே பூஜ்ஜியம் பிடிக்கச் சொன்னால், கையை ஊன்றியபடி சுவிட்ச் போடுகிறவர் கை எடுத்ததும் வண்டி பின்னால் வரும். சாப்பாட்டுப் பையைப் பிடியில் தொங்கவிட்டால் அதையும் தள்ளுவதாக எண்ணிக்கொள்கிறது.

மூன்றாவது ஸ்பிரிங் பிடி. குழாய்க்குள் இன்னொரு குழாய், இரண்டு பக்கமும் ஸ்பிரிங். தள்ளினால் பிடி ஒன்றரை சென்டிமீட்டர் முன்னே நகரும், இழுத்தால் பின்னே. உள்ளே ஒரு காந்தம், வெளியே ஹால் சென்சார். முதல் இரண்டு மில்லிமீட்டரைக் கணக்கில் எடுக்காமல் விட்டிருக்கிறேன். அதனால் வெயிலோ சாப்பாட்டுப் பையோ இதை ஏமாற்றுவதில்லை. எனக்கு ரொம்பப் பிடித்தது வேறொன்று. வண்டி தறிகெட்டு முன்னால் ஓடினால் பிடி கையைவிட்டு விலகும், ஸ்பிரிங் தளரும், மோட்டார் தானே அடங்கும். ஆக்சிலேட்டர் பிடி செய்வதற்கு நேர் எதிர்.

குறை உண்டு. மணல் புகுந்தால் பிடி கரகரக்கும், லோட் செல்லின் நுணுக்கமும் வராது. மிச்சமெல்லாம் உப்புக்காற்றோடு சண்டை. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தை அந்தக் காற்று என்ன பாடு படுத்தியது என்று ஊரே பார்த்திருக்கிறது. 2025-இல் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பி போட்டார்கள். என் பிடியின் குழாய்க்கும் 304 ரக எவர்சில்வர் போதாது, 316 வேண்டும். அதில் கலந்த மாலிப்டினம்தான் உப்புப் புள்ளி விழாமல் காக்கிறது. அந்த உலோகத்தைத் தாண்டிக் காந்தத்தின் விசை வெளியே தெரியும் என்பதால் சென்சாருக்கு ஓட்டை போட வேண்டியதில்லை. எபாக்ஸி ஊற்றி மூடிவிடலாம். நியோடிமியம் காந்தம் மேல்பூச்சு உரிந்ததும் பொடியாகிவிடும், கறுப்பு ஃபெரைட் காந்தம் துருவே பிடிக்காது. ஐபி67 என்று அட்டையில் இருந்தால் நம்பிவிடக் கூடாது. அது ஒரு மீட்டர் தண்ணீரில் அரைமணி தாங்குவதைச் சொல்கிறது, உப்பு அரிப்பைச் சொல்வதில்லை.

கை எடுத்தால் நிற்க வேண்டும் என்பதற்குத் தொடு சென்சார் வைப்பவர்கள் இருக்கிறார்கள். இங்கே வேண்டாம். கடல்நீரில் நனைந்த துணியைப் பிடிமேல் போட்டேன், கை இருப்பதாகவே நினைத்து வண்டி நகர்ந்தது. சைக்கிள் பிரேக் மாதிரி ஒரு லீவர் போதும்: அழுத்தினால் ஓடும், விட்டால் மோட்டார் நின்று பிரேக் விழும். மீன் வழும்பு ஒட்டிய விரலுக்கும் அது பிடிபடுகிறது.

பிடியின் உயரம் இடுப்புக்கும் முழங்கைக்கும் நடுவே. ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் மூன்று ஓட்டை போட்டிருக்கிறேன். ஸ்பிரிங் பிடி போட்ட வண்டியை இப்போது அந்த அக்காதான் தள்ளுகிறார். மணல் புகாமலிருக்க டூவீலர் ஷாக்கில் வரும் ரப்பர் மடிப்பை இரண்டு முனையிலும் மாட்டியிருக்கிறேன். கச்சான் காற்று மணலை வாரி அடிக்கும் மாதங்களில் அது எத்தனை நாள் தாங்குகிறது என்று பார்க்க வேண்டும்.