அகாந்தஸா, வில்லோ பவ்வா?

இரண்டுமே ஆங்கில வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸ் வரைந்த சுவர்த்தாள்கள்தான். ஆனால் குணம் வேறு.

1875இல் வந்த அகாந்தஸில் சுருண்டு மடங்கும் பெரிய இலைகள். அந்த மடிப்பும் நிழலும் வர, அன்று 15 நிறங்களை 30 மரக்கட்டைகளால் அச்சடித்தார்கள். உயரமான கூடத்தில் கம்பீரம். சின்ன அறையிலோ சுவரே நம் மேல் சாய்வதுபோல் இருக்கும். வடிவம் பெரிது என்பதால் ஓரங்களைப் பொருத்தும்போது தாளும் நிறையக் கழியும். ஒரு சுருளாவது கூடுதலாக வாங்குங்கள்.

வில்லோ பவ் 1887ஐச் சேர்ந்தது. மெல்லிய கிளை, ஒல்லியான இலை. தள்ளி நின்று பார்த்தால் வெறும் பச்சைதான் தெரியும், அது ஒரு குறை. ஆனால் தினமும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய படுக்கையறைக்கு என் ஓட்டு இதற்குத்தான். அகாந்தஸ் மேல் ஆசை விடவில்லையா? சரி, ஒரே ஒரு சுவரில் மட்டும் ஒட்டிக்கொள்ளுங்கள்.