கேப்டன்ஸ் ஆஃப் கிரஷ் கிரிப்பர்: எந்த எண், எந்தப் பிடி

கைப்பிடி வலுவைக் கூட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது, திருகைச் சுழற்றி எடையைக் கூட்டும் பிளாஸ்டிக் கிரிப்பர், அதாவது கையால் அழுத்தி மூடும் கருவி. ஒன்றே எல்லா அளவுக்கும் போதும் என்று தோன்றும். ஆனால் அதில் அச்சிட்ட கிலோவை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஓங்கி அழுத்தினால் சட்டமே கொஞ்சம் வளைந்துகொடுக்கும். முழுதாக மூடியதா, முக்கால் வாசியா என்பதும் சரியாகத் தெரியாது. விரல்களைப் பழக்க அது போதும். வலுவைக் கூட்டிக்கொண்டே போக உலோக கிரிப்பர்தான் வேண்டும். அந்த வகையில் பலரும் அளவுகோலாக வைத்துப் பேசுவது அயர்ன்மைண்ட் நிறுவனத்தின் கேப்டன்ஸ் ஆஃப் கிரஷ்.

அமைப்பு எளிது. இரண்டு அலுமினியக் கைப்பிடிகள், நடுவில் ஒரு முறுக்கு ஸ்பிரிங். திருகு இல்லை, எடை மாற்ற வழியும் இல்லை. அதுவே இதன் பலம் என்பேன். கைப்பிடிகளின் முனைகள் 'டக்' என்று ஒட்டினால் மூடியது, ஒட்டாவிட்டால் மூடவில்லை. மூன்று மாதம் கழித்து அதே கிரிப்பரை எடுத்தாலும் அதே எதிர்ப்பு இருக்கும், முன்னேற்றம் தெரிந்துவிடும்.

அளவுகள் (முழுதாக மூடத் தேவையான விசை): கைடு 60 பவுண்டு, ஸ்போர்ட் 80, டிரெய்னர் 100, பாயின்ட் ஃபைவ் 120, எண் 1 என்பது 140 (சுமார் 63 கிலோ), 1.5 என்பது 167.5, எண் 2 என்பது 195, 2.5 என்பது 237.5, எண் 3 என்பது 280 (127 கிலோ), 3.5 என்பது 322.5, எண் 4 என்பது 365. எண் 3ஐ மூடியதற்கு அயர்ன்மைண்டிடம் முதலில் சான்றிதழ் பெற்றவர் ரிச்சர்ட் சோரின், 1991இல். எண் 4ஐ முதலில் மூடிச் சான்றிதழ் பெற்றவர் ஜோ கின்னி, 1998இல். டம்பெல்லும் பார்பெல்லும் நன்றாகத் தூக்குகிறவர்கள்கூட எண் 2இல் திணறுவது சகஜம். ஆகவே வீராப்புக்காகப் பெரிய எண்ணை வாங்க வேண்டாம். சுத்தமாக 5 முதல் 8 முறை மூட முடிகிற ஒன்று, அதற்கு அடுத்த எண் ஒன்று: இந்த இரண்டும் போதும். எடைப் பயிற்சி பழகிய ஆண்களுக்கு டிரெய்னரும் எண் 1உம், புதிதாகத் தொடங்குபவர்களுக்கு கைடும் ஸ்போர்ட்டும் பொதுவாகப் பொருந்தும்.

குறையும் உண்டு. எண்ணுக்கு எண் இடைவெளி பெரிது. 2இலிருந்து 3க்கு 85 பவுண்டு தாவல். அரை எண்கள் இல்லாமல் அதைத் தாண்டுவது கடினம். ஒரே எண் போட்ட இரண்டு கிரிப்பர்களுக்குள் சிறு வித்தியாசமும் இருக்கும். துல்லியம் வேண்டுபவர்கள் ஒரு கைப்பிடியை வைஸில் (பட்டறையில் பொருளைக் கவ்விப் பிடிக்கும் கருவி) இறுக்கி, மற்றதன் முனையில் எடைத் தட்டுகளைத் தொங்கவிட்டு, முனைகள் தொடும் எடையைக் குறித்துக்கொள்கிறார்கள்.

பலரும் தோற்பது வலு இல்லாததால் அல்ல, கிரிப்பரை வைக்கும் விதத்தால். ஸ்பிரிங் மேலே, ஆட்காட்டி விரல் பக்கம் இருக்க வேண்டும். ஒரு கைப்பிடி கட்டைவிரலின் அடிச்சதையில் சாய்வாகப் படிய வேண்டும். உள்ளங்கையின் நடுவில் வைத்தால் மற்றக் கைப்பிடி வெகு தூரம் போய்விடும், சுண்டுவிரல் எட்டாது. பிறகு மற்றக் கையால் கைப்பிடியைச் சற்று உள்ளே தள்ளி, நான்கு விரல்களையும் சுற்றிப் போடுங்கள். சுண்டுவிரல் கைப்பிடியின் கீழ்முனையை ஒட்டி இருக்கட்டும். ஸ்பிரிங்கிலிருந்து எவ்வளவு தள்ளிப் பிடிக்கிறோமோ அவ்வளவு நெம்புவிசை கிடைக்கும். எவ்வளவு உள்ளே தள்ளிவிட்டுத் தொடங்குகிறீர்கள் என்பதைக் குறித்து வையுங்கள். கைப்பிடி முனைகளுக்கு இடையே கிரெடிட் கார்டின் குறுகிய பக்கம், அதாவது சுமார் 54 மில்லிமீட்டர், நுழையும் இடைவெளி நல்ல அளவு. அதைவிடக் குறுக்கிக்கொண்டால் அது வேறு பயிற்சி.

கடைசி ஒரு சென்டிமீட்டர்தான் உண்மையான சோதனை. ஸ்பிரிங்கின் எதிர்ப்பு அங்கே உச்சத்தில் இருக்கும். முழுதாக மடங்கிய விரல்களின் வலுவோ அங்கே குறைவு. முக்கால் வாசி மூடி விடுவதை நூறு முறை செய்தாலும் அந்த இடம் வலுக்காது. இரண்டு கையாலும் மூடி, ஒரு கையால் 3 முதல் 5 விநாடி பிடித்து, மெதுவாக விடுங்கள். இதுவும் முதல் இரண்டு மூன்று மாதத்துக்கு வேண்டாம்: தசை சீக்கிரம் தேறும், அதை எலும்போடு இணைக்கும் தசைநாண் பின்தங்கும். விரலை மடக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருப்பதால், மிகையானால் வலி பெரும்பாலும் முழங்கையின் உள்பக்கம் வரும். வந்தால் நிறுத்திவிட வேண்டும். தாங்கிக்கொண்டு தொடர்ந்தால் மாதக்கணக்கில் நீளும்.

வாரம் 2 அல்லது 3 நாள் போதும். எளிய கிரிப்பரில் 10 முறை கை சூடேற்றி, பயிற்சிக்கு எடுத்த எண்ணில் 4 செட் (சுற்று), ஒவ்வொன்றும் 3 முதல் 6 முறை, நடுவே 2 நிமிட ஓய்வு. முடித்ததும் தடித்த ரப்பர் பேண்டை ஐந்து விரல் நுனிகளிலும் மாட்டி 20 முறை விரித்து மூடுங்கள். கிரிப்பர் தொடாத விரிக்கும் தசைகளுக்கு இது வேலை தரும். டிவி பார்த்துக்கொண்டே நாள் முழுக்க அழுத்துவது வலு தராது, முழங்கையைத்தான் கெடுக்கும்.

கைப்பிடியின் சொரசொரப்பு தொடக்கத்தில் தோலை உரசும். கையுறை போட்டால் கைப்பிடி தடித்து, நழுவுவதும் தெரியாமல் போகும். கை வழுக்காமல் இருக்கப் பூசும் சாக் (சுண்ணப்) பொடியே சரி. ஸ்பிரிங் கிறீச்சிட்டால் சுருளுக்குள் ஒரு சொட்டு எண்ணெய், கைப்பிடியில் படாமல்.

ஒன்றை மட்டும் தெரிந்து வாங்குங்கள்: இது விரல்களை மூடும் வலுவை வளர்க்கும் கருவி. டெட்லிஃப்டில் (தரையிலிருந்து பார்பெல்லைத் தூக்கி நிற்கும் பயிற்சி) பார் கையிலிருந்து நழுவுகிறதே என்பதுதான் உங்கள் கவலை என்றால், ஸ்ட்ராப் (மணிக்கட்டையும் பாரையும் சேர்த்துச் சுற்றும் பட்டை) இல்லாமல் பாரைப் பிடித்து நிற்பதும் தடித்த பாரும் இதைவிட நேரடியான வழி. கட்டைவிரலுக்கு, இரண்டு எடைத் தட்டுகளை மழமழப்பான பக்கம் வெளியே இருக்கும்படி சேர்த்து விரல் நுனியால் கவ்வித் தூக்குவதைத் தனியாகச் செய்தாக வேண்டும்.