டெயில்ஸ்கேல்: பப்ளிக் ஐபி இல்லாத வீட்டுக்கும் விபிஎன் போடலாம்

காரைக்குடில அப்பா கடையோட டேலி கம்ப்யூட்டர், வீட்டு கேமரா, குடும்ப போட்டோ எல்லாம் கிடக்குற ஹார்ட் டிஸ்க், இது மூணையும் நான் சென்னைல இருந்து பாக்கணும், ஆனா ரவுட்டர்ல ஒரு போர்ட் கூட வெளிய திறக்கக்கூடாது. இதான் தேவை, அதுக்கு நான் போட்டது டெயில்ஸ்கேல்ங்குற விபிஎன், அதாவது ரெண்டு இடத்து மெஷினையும் இன்டர்நெட் வழியா ஒரே நெட்வொர்க்ல இருக்குற மாதிரி சேக்குற பூட்டின பாதை. ரிமோட் டெஸ்க்டாப்போட 3389 போர்ட்ட நேரா இன்டர்நெட்ல திறந்து வெக்குறது கடை சாவிய ஷட்டர்லயே தொங்கவிட்டுட்டு வர்ற மாதிரி, ரேன்சம்வேர் கும்பல் தேடுறதே அதத்தான், தயவுசெஞ்சு யாரும் பண்ணாதீங்க.

சும்மா வயர்கார்ட்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் விபிஎன் இருக்கே, அத போட்டாலே போதுமேன்னு கேப்பீங்க. 2020ல இருந்து லினக்ஸ் கெர்னல்லயே இருக்கு, அருமையான சாமான். ஆனா அதுக்கு வீட்டுப் பக்கம் ஒரு யூடிபி போர்ட் வெளிய இருந்து எட்டணும். நம்ம ஊர் பைபர் கனெக்‌ஷன் நிறைய சிஜிநேட்ல தான் ஓடுது, அதாவது ஒரே பப்ளிக் ஐபிய பல வீட்டுக்கு பங்கு போட்டு குடுக்குறாங்க. ரவுட்டர் பேஜ்ல வேன் (WAN) ஐபி, அதாவது வெளிப்பக்க ஐபி, 100.64ல இருந்து 100.127க்குள்ள ஆரம்பிச்சா உங்களுதும் அதான், போர்ட் பார்வர்டு பண்ணியும் பிரயோஜனம் இல்ல.

டெயில்ஸ்கேல் உள்ளுக்குள்ள அதே வயர்கார்ட் தான், ஆனா ரெண்டு பக்கமும் வெளிய நோக்கி பேசி நடுவுல வழி கண்டுபிடிச்சுக்கும். ராஸ்பெர்ரி பை 4ங்குற குட்டி லினக்ஸ் கம்ப்யூட்டர் ஒண்ண கேபிள்ல ரவுட்டரோட சேத்து, இன்ஸ்டால் கமாண்ட் ஒரு வரி, அப்புறம் 'டெயில்ஸ்கேல் அப்', வர்ற லிங்க்ல கூகுள் அக்கவுண்ட்ல லாகின், முடிஞ்சுது. கேமராவுல எல்லாம் ஆப் போட முடியாதுல்ல, அதனால அந்த ராஸ்பெர்ரி பையை சப்நெட் ரவுட்டரா, அதாவது வீட்டு நெட்வொர்க்ல இருக்குற மத்த சாமானுக்கும் வழி விடுற வாசலா மாத்தணும். லினக்ஸ்ல ஐபி பார்வர்டிங் ஆன் பண்ணி, வீட்டு நெட்வொர்க்குக்கு இது வழியா போலாம்னு ரூட்ட அட்வர்டைஸ் பண்ணி, அதோட நிக்காம டெயில்ஸ்கேல் அட்மின் பேஜ்ல போய் அந்த ரூட்ட அப்ரூவ் பண்ணணும். அத விட்டா கனெக்டட்னு காட்டும், ஒண்ணும் திறக்காது.

இன்னொன்னு, வீட்டு நெட்வொர்க் 192.168.1ல இருந்தா முதல்ல 192.168.47 மாதிரி எதுக்காவது மாத்திருங்க. நீங்க உக்காந்திருக்குற இடத்து வைபையும் பெரும்பாலும் அதே 192.168.1 தான், அப்புறம் வீட்டு கேமராவ கூப்பிட்டா பக்கத்துல இருக்குற எவனோட பிரிண்டரோ வந்து நிக்கும்.

டெஸ்ட்ட வீட்டு வைபைல பண்ணாதீங்க, மொபைல் டேட்டா ஹாட்ஸ்பாட்ல பண்ணுங்க. 'டெயில்ஸ்கேல் பிங்' அடிச்சா முதல் பதில் டெர்ப் வழியா வருது, அது அவங்களோட ரிலே சர்வர், கொஞ்ச நேரத்துல நேர் ஐபி காட்டுச்சுன்னா டைரக்ட் கனெக்‌ஷன் ஆயிருச்சு. கடைசி வரைக்கும் டெர்ப்லயே நின்னா ஸ்பீடு அடிவாங்கும், ஆனா என்கிரிப்ஷன் அப்பவும் ஒரு முனைல இருந்து மறு முனை வரைக்கும் அப்படியே இருக்கும். எனக்கு டைரக்ட் கிடைச்சுது, டேலில என்ட்ரி போடுறப்போ பக்கத்துல உக்காந்து போடுற மாதிரியே இருக்கு, 11ஆம் தேதிக்குள்ள ஜிஎஸ்டிஆர்-1, அதாவது மாச விற்பனைக்கான ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடணும்னா அப்பா போன் பண்ணி பில் நம்பர படிச்சுக்காட்ட வேண்டியதில்ல. போட்டோ இறங்குற வேகம் மட்டும் வீட்டு கனெக்‌ஷனோட அப்லோட் எவ்வளவோ அவ்வளவுதான். கடை கம்ப்யூட்டர்ல விண்டோஸ் ஹோம் எடிஷன்னா ரிமோட் டெஸ்க்டாப்ல உள்ள வர முடியாது, ப்ரோ வேணும்.

எனக்கு உறுத்துற விஷயம், யார் யாரோட சேரலாம்னு முடிவு பண்ற சர்வர் அவங்க கைல இருக்கு. பிரைவேட் கீ நம்ம டிவைஸ விட்டு போறதில்ல, அதனால நான் ஒத்துக்கிட்டேன், உங்களுக்கு மனசு ஒப்பலன்னா ஹெட்ஸ்கேல்னு ஓப்பன் சோர்ஸ் சர்வர் இருக்கு, அத ஓட்ட பப்ளிக் ஐபியோட ஒரு மெஷின் வேணும். அப்புறம் லாகின் கீ டீபால்ட்டா 180 நாள்ல காலாவதி ஆகும், ஊர்ல இருக்குற ராஸ்பெர்ரி பைக்கு மட்டும் அத அட்மின் பேஜ்ல ஆப் பண்ணிருங்க. பையையும் ரவுட்டரையும் ஒரே யுபிஎஸ்ல போடுங்க.

சொந்த உபயோகத்துக்கு ப்ரீ பிளானே தாராளம். பப்ளிக் ஐபி இருக்குறவங்க நேரா வயர்கார்ட் போடுங்க, நடுவுல ஒரு கம்பெனி எதுக்கு. போன்ல ஏற்கனவே ஆபீஸ் விபிஎன் ஓடுதுன்னா ஒரு நேரத்துல ஏதாவது ஒண்ணுதான் ஓடும், அதுக்கு தகுந்த மாதிரி லேப்டாப்லயோ வேற போன்லயோ போட்டுக்கோங்க.