தென்னாப்பிரிக்காவில் கடன் மறுஆய்வுக் குறிப்பை நீக்கும் வழிகள்: எது எந்தக் கட்டத்தில் செல்லும்?

தென்னாப்பிரிக்காவில் 2005ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டப்படி கடன் மறுஆய்வுக்கு, அதாவது கடனைக் கட்டத் தடுமாறுபவரின் தவணைகளை மாற்றியமைக்கும் சட்ட நடைமுறைக்கு, விண்ணப்பித்தவரின் பெயரில், ட்ரான்ஸ்யூனியன், எக்ஸ்பீரியன், எக்ஸ்டிஎஸ் போன்ற கடன் தகவல் நிறுவனங்களின் பதிவுகளில் ஒரு குறிப்பு ஏறிவிடுகிறது. அது இருக்கும்வரை புதுக்கடனுக்கு வழியில்லை. சட்டத்தின் 88ஆம் பிரிவே அதைத் தடுக்கிறது. இக்குறிப்பை நீக்க மறுஆய்விலிருந்து விலகுவது, நீதிமன்றத்தை நாடுவது, கடனை அடைத்து விடுவிப்புச் சான்றிதழ் பெறுவது என மூன்று வழிகள் உண்டு. இம்மூன்றில் எது நமக்குத் திறந்திருக்கிறது என்பதை நம் கோப்பு நிற்கும் கட்டமே முடிவு செய்கிறது.

விலகல் என்பது தொடக்கக் கட்டத்துக்கு மட்டும் உரியது. விண்ணப்பம் வந்த 5 வேலை நாட்களுக்குள், மறுஆய்வை நடத்தும் கடன் ஆலோசகர் 17.1 என்ற படிவத்தின் மூலம் கடன் கொடுத்தவர்களுக்கும் தகவல் நிறுவனங்களுக்கும் அதை அறிவிக்கிறார். பிறகு வருமானத்தையும் செலவையும் கணக்கிட்டு, விண்ணப்பித்தவர் கடன்மிகுதியில், அதாவது கடன்களை உரிய காலத்தில் கட்ட இயலாத நிலையில், இருக்கிறாரா என்ற தம் முடிவை 17.2 படிவத்தில் தெரிவிக்கிறார். இந்த இரண்டு படிவங்களுக்கும் இடைப்பட்ட நாட்களில், ஆலோசகருக்குச் சேர வேண்டிய கட்டணத்தைச் செலுத்திவிட்டு விலகிக்கொள்ளலாம். இது விரைவான வழிதான். ஆனால் விலகிய அன்றே மறுஆய்வு தந்த பாதுகாப்பும் போய்விடுகிறது. நிலுவை இருந்தால் வங்கி வழக்குத் தொடரலாம், ஏற்கெனவே பதிவான தவணைத் தவறுகளும் அப்படியே நிற்கும். யாரோ தொலைபேசியில் அழைத்துப் பேசியதை நம்பி, முழுதும் விளங்காமலே மறுஆய்வில் சேர்ந்துவிட்ட ஒருவருக்கு இவ்வழி பொருந்தும். தவணை கட்ட உண்மையிலேயே தடுமாறுபவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆலோசகர் 17.2இல் கடன்மிகுதி என்று அறிவித்துவிட்டால், அதன்பின் அவரே கையெழுத்திட்டு ஒருவரை வெளியே அனுப்பிவிட முடியாது. தவணைகளை மாற்றியமைக்கும் நீதிமன்றத்தின் மறுசீரமைப்பு ஆணை இன்னும் பிறக்கவில்லை என்றால், வருமானம் உயர்ந்ததற்கான சம்பளச் சீட்டுகளையும் வங்கிக் கணக்கு அறிக்கைகளையும் காட்டி, ஆலோசகரின் பரிந்துரையை 87ஆம் பிரிவின்கீழ் நிராகரிக்குமாறு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தைக் கேட்கலாம். வழக்கறிஞர் செலவும் மாதக்கணக்கான காத்திருப்பும் இதில் உண்டு. ஆணை பிறந்த பிறகோ நிலைமை வேறு. சம்பளம் கூடிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக வெளியேறலாம் என்று சொல்லும் பிரிவு எதுவும் சட்டத்தில் இல்லை. அந்தக் கட்டத்தில் சட்டம் காட்டும் பாதை 71ஆம் பிரிவின் விடுவிப்புச் சான்றிதழ், அதாவது படிவம் 19.

நீளமான பாதை இதுதான். ஆயினும் பதிவை முழுமையாகத் துடைப்பதும் இதுதான். சான்றிதழின் நகல் கிடைத்ததும், மறுசீரமைப்பு நடந்தது என்ற குறிப்பை மட்டுமல்லாமல், அதற்குக் காரணமாக இருந்த தவணைத் தவறுகளையும் தகவல் நிறுவனங்கள் அழித்துவிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. விலகியவருக்கு இந்தப் பயன் கிடைப்பதில்லை. பலர் நினைப்பதுபோல வீட்டுக் கடன் முடியும்வரை இருபது ஆண்டு காத்திருக்க வேண்டியதும் இல்லை. 2015 மார்ச் மாதம் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, வீட்டுக் கடனில் தவணை பாக்கி இல்லாமலும், இனிவரும் தவணைகளைக் கட்டும் வசதி இருப்பதைக் காட்டியும், மற்றக் கடன்களை முற்றிலும் அடைத்தவருக்குச் சான்றிதழ் தர வேண்டும். கார்க் கடன் இச்சலுகைக்குள் வராது. எனவே துணிக்கடைக் கணக்கு, கடனட்டை, தனிநபர்க் கடன், கார்க் கடன் ஆகியவற்றை வைத்திருப்பவர், சிறியது ஒன்று முடிந்ததும் அதற்குக் கட்டிவந்த தொகையை அடுத்த கடனில் சேர்த்துவிட்டாலே காலம் கணிசமாகக் குறையும். சம்பளம் கூடியிருந்தால் வழக்கறிஞருக்குக் கொடுக்கும் பணத்தையும் இதிலேயே போடலாம் என்பது என் கருத்து.

தகுதி வந்த 7 நாட்களுக்குள் ஆலோசகர் சான்றிதழ் தர வேண்டும். தந்த 7 நாட்களுக்குள் அதன் நகலை எல்லாத் தகவல் நிறுவனங்களுக்கும் அனுப்பவும் வேண்டும். தர மறுத்தால் தேசிய நுகர்வோர் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். தந்துவிட்டு அனுப்பாமல் இருந்தால் தேசியக் கடன் ஒழுங்காணையத்தில் புகார் கொடுக்கலாம்.

நான்காவதாக ஒரு வழி விளம்பரங்களில் மட்டும் வாழ்கிறது: முன்பணம் கட்டினால் சில நாட்களில் பெயரைச் சுத்தமாக்கித் தருவோம் என்பது. தகுதியற்ற ஒருவருக்காக இவர்கள் செய்யக்கூடியது சட்டப்படி எதுவுமில்லை. தகுதியுள்ளவருக்கு இவர்கள் தேவையே இல்லை. கடனில் நொந்தவரிடமிருந்தே பணம் பறிக்கும் இத்தொழில் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. பணம் கேட்பவர் பதிவுபெற்ற கடன் ஆலோசகர்தானா என்பதை ஒழுங்காணையத்தின் பதிவேட்டில் பார்த்துவிட்ட பிறகே பேச்சைத் தொடர வேண்டும்.

எந்த வழியில் சென்றாலும் இறுதியில் கடன் அறிக்கையை நாமே எடுத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை அதை இலவசமாகத் தர வேண்டும். ஒன்றில் நீங்கிய குறிப்பு மற்றொன்றில் தங்கியிருக்கக்கூடும் என்பதால் எல்லாவற்றையும் பார்ப்பது அவசியம். குறிப்பு இன்னும் இருந்தால், சான்றிதழின் நகலை இணைத்து அந்த நிறுவனத்திடமே எழுத்தில் மறுப்புத் தெரிவிக்கலாம். அதை விசாரித்து முடிக்க அவர்களுக்கு உள்ள காலம் 20 வேலை நாட்கள்.